வெட்டாமல் விட்ட காடு: அலாஸ்காவில் ஒன்பது நாள்

ஜூன் 11, செவ்வாய் – ஆங்கரேஜ்

நேற்று இரவு பதினொன்றரைக்கு விமானம் இறங்கியது. வெளியே நம் ஊர் சாயங்காலம் ஆறு மணி போல வெளிச்சம். தம்பி காரோடு காத்திருந்தான். அவன் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோதும் இருட்டவில்லை. படுக்கை அறை ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறான். அப்படியும் எனக்குத் தூக்கம் வர மூன்று மணி ஆகிவிட்டது.

தம்பி இங்கே நர்ஸாக இருக்கிறான். பனிமலை பார்க்க வா, வா என்று ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கடைசியில் கிளம்பி வந்தது வேறு ஒன்றைப் பார்க்க. நாங்கள் திருவொற்றியூர்க்காரர்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கரை ஒதுங்கியபோது, எர்ணாவூரில் பாறைகளுக்கு நடுவே நின்று வாளி வாளியாக அள்ளியவர்களைப் பார்த்தேன். முழங்கை வரை கறுப்புக் களி. அள்ளி முடித்ததும் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அதற்கு அப்புறம் கடலுக்கு யார், என்ன, எந்தப் பணத்தில் செய்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அந்த வேலையை முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்துவரும் இடம் இது.

1989 மார்ச் 24, பெரிய வெள்ளி. நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். வால்டீஸ் ஊரிலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு கிளம்பிய எக்ஸான் வால்டீஸ் கப்பல், பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற உள்கடலில் பிளை ரீஃப் பாறைத்திட்டில் ஏறியது. 1.1 கோடி காலன், அதாவது 4 கோடி லிட்டருக்கு மேல் எண்ணெய் கொட்டியது. சுமார் 2,100 கிலோமீட்டர் கரையில் அது படிந்தது. இறந்த கடல் பறவைகள் இரண்டரை லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

இன்று காலை தம்பி என்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஆர்லிஸ் நூலகத்துக்குக் கூட்டிப்போனான். எண்ணெய்க் கசிவு பற்றிய ஆவணங்கள் எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கின்றன. புத்தகம் மாதிரியே பாடம் செய்த பறவைகளையும் மண்டை ஓடுகளையும் விலங்குத் தோல்களையும் கூட இரவல் தருகிறார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பெரிய பெட்டியில் ஒரு கழுகைத் தூக்கிக்கொண்டு போனார். நூலகர் எனக்கு ஒரு மேசையைக் காட்டி, கேட்காமலே ஏழெட்டு அறிக்கைகளை எடுத்து வந்து அடுக்கிவிட்டார். மதியம் வரை அங்கேயே இருந்தேன்.

நான் புரிந்துகொண்ட கணக்கு இது. 1991 அக்டோபரில் எக்ஸான், மத்திய அரசுக்கும் அலாஸ்கா மாநில அரசுக்கும் 90 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பத்து வருடத் தவணை. கடைசித் தவணை 2001இல் வந்தது. கிரிமினல் வழக்கில் வந்த 10 கோடி டாலர் ஈட்டுத்தொகை தனி; அதை இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 90 கோடியை நிர்வகிக்க ஓர் அறங்காவலர் குழு. மாநிலத்திலிருந்து மூன்று பேர், மத்திய அரசிலிருந்து மூன்று பேர். ஆறு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு டாலர் வெளியே போகும். பெரும்பான்மை போதாது.

அரசுகள் ஏற்கெனவே செய்திருந்த செலவுக்காக முதலில் 20 கோடி டாலருக்கு மேல் திரும்பப் போனது. மீதியில் மிகப் பெரிய பங்கு எதற்குப் போயிருக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் கரையைச் சுத்தம் செய்ய என்றுதான் சொல்லியிருப்பேன். போனது நிலம் வாங்க. எண்ணெய் படியாத நிலம், காட்டு நிலம். ஆறரை லட்சம் ஏக்கர் அளவுக்கு.

"கடல் கெட்டதுக்குக் காடு எதுக்கு அண்ணா?" என்றான் தம்பி. எனக்கும் தெரியவில்லை. நாளை கிளம்புகிறோம்.

ஜூன் 12, புதன் – சீவர்ட்

இரண்டரை மணி நேரப் பாதை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் தண்டவாளம். காரில் எலுமிச்சை சாதம் எடுத்து வந்திருந்தோம். வழியில் நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். நம் ஊர்க் கொசுவைப் போல இரண்டு மடங்கு இருக்கும் கொசுக்கள் சூழ்ந்துகொண்டன. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாப்பிட்டோம்.

சீவர்டில் கடல் ஓரமாகவே நிற்கிறது அலாஸ்கா சீலைஃப் சென்டர். 1998 மே மாதம் திறந்தது. கட்டியதில் பெரும் பகுதி இழப்பீட்டுப் பணம். டிக்கெட் ஆளுக்கு முப்பது டாலருக்கு மேல். உள்ளே நுழைந்ததும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணாடித் தொட்டி, கடல் சிங்கம், பரிசுப் பொருள் கடை, ஐஸ்கிரீமோடு குழந்தைகள். செத்த பறவைகளின் பணத்தில் இப்படி ஒரு காட்சிசாலையா என்று தோன்றியது. கட்டும்போதே இதே கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு.

மேல் மாடியில் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே நடக்கும் வேலையைப் பார்க்கலாம். அனாதையாகக் கரை ஒதுங்கிய ஒரு கடல் நீர்நாய்க் குட்டியை ஒரு பெண் மடியில் போட்டுக்கொண்டு துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார். குட்டி முதுகைக் காட்டிப் புரண்டு புரண்டு படுத்தது. ரோமத்தைச் சீப்பால் பிரித்து, அடியில் காற்று போக ஊதி, மறுபடி துவட்டினார். நான் பார்த்த இருபது நிமிடமும் அதே வேலைதான். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் விளக்கினார். நீர்நாய்க்குத் திமிங்கலம் மாதிரித் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. ரோமத்துக்கு இடையில் தங்கும் காற்றுதான் அதன் போர்வை. எண்ணெய் ஒட்டினால் ரோமம் படிந்துபோகும், காற்று போய்விடும், குளிரில் செத்துப்போகும்.

1989இல் இந்த வேலைக்கு ஏற்ற ஓர் இடம்கூட இல்லை. வால்டீஸிலும் சீவர்டிலும் அவசரமாகக் கொட்டகை போட்டு 357 நீர்நாய்களைக் கொண்டுவந்து கழுவினார்கள். 197ஐத்தான் திரும்பக் கடலில் விட முடிந்தது. சுமார் 2,800 இறந்ததாக மதிப்பீடு. இன்று கடல் பாலூட்டிகளைக் காப்பாற்றிக் கவனிக்க இந்தப் பெரிய மாநிலத்துக்கே நிரந்தரமாக இருப்பது இந்தக் கட்டடம் ஒன்றுதான் என்றார் அவர். அந்தக் குட்டியைப் பார்த்த பிறகு கடையும் ஐஸ்கிரீமும் என்னை உறுத்தவில்லை.

இரவு உணவு மீன் சூப், ரொட்டி. இரண்டு பேருக்கு 47 டாலர். சூப் கெட்டியாக, வெண்ணெய் மணத்தோடு நன்றாகவே இருந்தது. தம்பி பையிலிருந்து மிளகுத்தூள் எடுத்துப் போட்டான். பரிமாறிய பெண் அது என்ன என்று கேட்டு, தானும் ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

ஜூன் 13, வியாழன் – ஹோமர் போகும் வழி

மதியம் கெனாய் ஆற்றங்கரையில் நின்றோம். தண்ணீர் நீலப் பச்சை, பால் கலந்தது போல. சால்மன் பிடிக்க ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆனால் கரையில் யாரும் கால் வைப்பதில்லை. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இரும்புக் கம்பி வலைத் தட்டுகளால் நடைபாதை போட்டு, அங்கங்கே ஆற்றுக்குள் இறங்கப் படி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். வலையின் ஓட்டை வழியே வெயில் இறங்கி, பாதைக்கு அடியிலும் புல் வளர்ந்திருக்கிறது. அந்தப் புல் கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிறது. சால்மன் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அந்த நிழலில்தான். ஆட்கள் மிதித்துப் புல் போனால் கரை சரியும், குஞ்சுக்கு இடம் இருக்காது. இந்த ஆற்றங்கரைகளைச் சீராக்கியதிலும் இழப்பீட்டுப் பணம் இருக்கிறது.

இவ்வளவு சின்ன விஷயம். மரப்பலகை போட்டிருந்தால் அடியில் இருட்டாகிப் புல் செத்திருக்கும். யாரோ ஒருவர் புல்லுக்காக யோசித்திருக்கிறார். நான் அந்தப் பாதையில் இரண்டு தடவை போய்வந்தேன்.

ஹோமர் வரை சாலையோரம் மைல் கணக்கில் சாம்பல் நிறத்தில் செத்து நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள். பட்டை வண்டு அரித்தவை. எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி – கச்சமாக் குடா

ஹோமரிலிருந்து சின்னப் படகில் குடாவைக் கடக்க ஆளுக்கு நூறு டாலர். படகோட்டிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றித் தந்துவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு ஓட்டினான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

எதிர்க்கரை மாநிலப் பூங்கா. அதன் நடுவே ஏறக்குறைய 24,000 ஏக்கர், பழங்குடி கிராம நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. 1971இல் வந்த சட்டப்படி அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு நிலம் இப்படி நிறுவனங்களின் பெயரில்தான் கொடுக்கப்பட்டது. மரம் வெட்டும் உரிமை ஒரு மரக் கம்பெனிக்குப் போயிருந்தது. வெட்டாமல் நிறுத்த ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள், பணம் இல்லை. 1993இல் 2.2 கோடி டாலருக்கு அரசு வாங்கிப் பூங்காவோடு சேர்த்தது. பணம் அந்த 90 கோடி ஒப்பந்தத்திலிருந்து கொஞ்சம், கிரிமினல் வழக்குப் பணம் கொஞ்சம், எண்ணெய்க் குழாய் நிறுவனம் கொடுத்த தனி இழப்பீடு கொஞ்சம்.

நாலு மணி நேரம் நடந்தோம். நடுவில் ஓடையைத் தாண்டும்போது தம்பி வழுக்கி விழுந்து போன் தண்ணீரில் போனது. எடுத்து அரிசிப் பையில் போட்டு வைத்திருக்கிறோம். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. எதிரே வந்த ஒரு வயதான தம்பதி எங்களை உட்கார வைத்து, காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டு, உலர்ந்த பழங்களைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். நர்ஸுக்கே கட்டுப் போடுகிறார்கள் என்று அவன் வெட்கப்பட்டான்.

ஜூன் 16, ஞாயிறு – விட்டியர், அப்புறம் படகு

நேற்று முழுக்கத் திரும்பி வந்த பயணம், எழுத ஒன்றுமில்லை. போன் பிழைக்கவில்லை.

இன்று படகு பிடிக்க விட்டியர் போகவேண்டும். மலையைக் குடைந்த நாலு கிலோமீட்டர் சுரங்கப்பாதை ஒன்றுதான் வழி. ஒரே தடம். அதில்தான் ரயிலும் போகும், காரும் போகும். உள்ளே போக அரை மணிக்கு, வெளியே வர மணிக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போட நின்றதில் ஐந்து நிமிடம் பிந்திவிட்டோம், கதவு மூடிவிட்டது. அடுத்த முறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்தோம், 13 டாலர் கட்டணத்தோடு. படகுத்துறையில் எங்கள் கார்தான் கடைசி. எங்களை ஏற்றிவிட்டுப் பாலத்தைத் தூக்கினார்கள்.

கார்டோவாவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகு அல்லது விமானம். மேகம் தாழ்ந்து, தூறல். தண்ணீர் ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. வரைபடத்தில் பிளை ரீஃப் எங்கள் இடது பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுபது வயது இருக்கும் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து, காகிதத்தில் சுற்றிய புகையிட்ட சால்மனை நீட்டினார். அவரே பிடித்து, அவரே புகை போட்டது. கருவாட்டுக்கும் அல்வாவுக்கும் நடுவில் ஒரு ருசி. கார்டோவாவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தண்ணீரில் ஒன்றைக் காட்டினார்.

கறுப்புப் பறவை, இறக்கையில் வெள்ளைத் திட்டு. மூழ்கும்போது பார்த்தால் கால் இரண்டும் செம்பருத்திச் சிவப்பு. கில்லமாட் என்றார். கசிவுக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்தது. எண்ணெய்க்கு மேல் இன்னொரு தொல்லையும் இருந்தது. நேக்கட் தீவுகள் என்று சவுண்டின் நடுவே இருப்பவற்றில் மிங்க் என்ற கீரி மாதிரியான பிராணி பெருகி, முட்டையையும் குஞ்சையும் தின்றுகொண்டிருந்தது. 2014 முதல் சில வருடங்கள் இழப்பீட்டுப் பணத்தில் ஆள் வைத்து மிங்க்குகளைப் பிடித்து அகற்றினார்கள். பறவை திரும்பக் கூடியது.

"எண்ணெயை எடுக்க முடியாத இடத்தில், எடுக்க முடிகிற வேறு துன்பத்தை எடுத்தார்கள்" என்றார். நான் அந்த வாக்கியத்தை உடனே எழுதி வைத்துக்கொண்டேன்.

எல்லாம் திரும்பவில்லை. வெள்ளைத் தலைக் கழுகு 1996இலேயே மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். நீர்நாய் மீள இருபத்தைந்து வருடம் ஆனது. ஆனால் ஏடி1 என்று எண்ணிட்ட ஓர்க்கா திமிங்கலக் குடும்பத்தில் கசிவுக்கு முன் 22 இருந்தன, இப்போது மிச்சம் 7. கசிவுக்குப் பிறகு அதில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. அவை மற்ற ஓர்க்காக்களோடு சேர்வதில்லை, அதனால் அந்த வம்சம் இவற்றோடு முடியும். எந்தப் பணமும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது அவற்றில் சிலவற்றின் பெயரையும் சொன்னார், நம் வீட்டு மாடுகளின் பெயரைச் சொல்வது போல.

தெற்கே கையைக் காட்டி செனீகா கிராமத்தைப் பற்றியும் சொன்னார். 1964 பூகம்பத்தில் வந்த அலை அந்தக் கிராமத்தில் மூன்றில் ஒரு பங்குப் பேரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் இருபது வருடம் கழித்து வேறு தீவில் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஐந்து வருடத்தில் எண்ணெய் அந்தக் கரைக்கும் வந்தது. பூகம்பம் வந்ததும் ஒரு பெரிய வெள்ளிக்கிழமைதான்.

இறங்கும்போது நாளை டீக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்.

ஜூன் 17, திங்கள் – கார்டோவா

மழை. ஊரில் சின்னக் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோர் காலிலும் பழுப்பு நிற எக்ஸ்ட்ராடஃப் ரப்பர் பூட்ஸ். கடையில் ஒரு காலன் பால் ஒன்பது டாலர், வாடிய தக்காளி ஒரு பவுண்டு ஐந்து டாலர். எல்லாம் படகில் வரவேண்டும். காப்பிக் கடையில் பேச்சு முழுக்க அடுத்த ஓப்பனர் எப்போது என்பதுதான். மீன்வளத் துறை வலை போட அனுமதிக்கும் மணி நேரத்தை அப்படிச் சொல்கிறார்கள். காப்பர் ஆற்று சால்மன் பருவம் இது.

மத்தியானம் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். நான்கு படி ஏறினால் சமையலறை. அடுப்பின் மேல் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. கணவருக்கு எழுபத்தைந்து வயது. உள்ளங்கை நம் காசிமேட்டுக்காரர்களின் உள்ளங்கை மாதிரியே கயிறு அறுத்துத் தடித்திருந்தது. 1988இல் வங்கிக் கடன் வாங்கி ஹெர்ரிங் பிடிக்கும் உரிமம் வாங்கியவர். ஹெர்ரிங் நம் சாளை, கவலை மீன் ஜாதி. கூட்டம் கூட்டமாக வரும், திமிங்கலம் முதல் பறவை வரை எல்லாவற்றுக்கும் சாப்பாடு. 1993 வசந்தத்தில் வலையோடு போனார்கள். வந்த கொஞ்ச மீனும் உடம்பில் சிவப்புப் புண்ணோடு இருந்தது. அதோடு சரி. நடுவில் ஓரிரு வருடம் திறந்து மறுபடி மூடினார்கள். இன்று வரை அந்தத் தொழில் பழையபடி திரும்பவில்லை. எண்ணெய்தான் காரணமா, நோயா, இரண்டும் சேர்ந்ததா என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை.

அதே 1993 ஆகஸ்டில் இந்த ஊர்ப் படகுகள் போய் வால்டீஸ் நீர்வழியை மறித்து எண்ணெய்க் கப்பல்களை மூன்று நாள் நிறுத்தின. இவரும் போனார். கேட்டது என்ன தெரியுமா? கடலில் என்ன நடக்கிறது என்று முழுசாக ஆராயுங்கள் என்று. ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், மிதவை உயிரிலிருந்து மேலே வரை சேர்த்துப் பாருங்கள் என்று. அதன் பிறகுதான் இந்த ஊர் அறிவியல் மையத்துக்கு இழப்பீட்டுப் பணத்திலிருந்து பெரிய ஆய்வு கிடைத்தது. படித்தவர்கள் கேட்க வேண்டியதை வலைக்காரர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று தம்பி கேட்டுவிட்டான். கிழவர் கோபப்படவில்லை. அது வேறு பணம் என்றார். 90 கோடி கடலுக்கும் காட்டுக்கும் வந்தது; அதில் மீனவனுக்குக் கையில் ஒரு காசு கிடையாது. மீனவர்களும் மற்றவர்களும், முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர், தனியாக வழக்குப் போட்டார்கள். 1994இல் ஜூரி 500 கோடி டாலர் தண்டத் தொகை விதித்தது. மேல்முறையீடு மேல்முறையீடாக இழுத்து, 2008இல் உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடியாகக் குறைத்தது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். கசிவு நடந்த புதிதில் எக்ஸான் ஆள் ஒருவர் இதே ஊரில் நின்று, உங்கள் நஷ்டம் முழுவதையும் ஈடு செய்வோம் என்று வாக்குக் கொடுத்தார். 2007இல் ஊர்ச் சிற்பி ஒருவர் அவமானக் கம்பம் என்று ஒரு மரக் கம்பம் செதுக்கினார். அதில் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் முகம் தலைகீழாக இருக்கிறது. வாயிலிருந்து எண்ணெய் வழிகிறது, அந்த எண்ணெயில் அதே வாக்கு எழுதியிருக்கிறது.

டீ ஆறிப்போனது. அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார். நம் வீட்டில் மாவடு போட்டு வைக்கும் அளவு. உள்ளே பாதி வரை கூழாங்கல், அதற்கு மேல் தண்ணீர். சவுண்டில் இருக்கும் நைட் தீவின் ஒரு கரையில், கசிவு நடந்து பல வருடம் கழித்து அவர் கையால் தோண்டியது. மேலே பார்த்தால் சுத்தமான கரை. முழங்கை ஆழம் தோண்டினால் இது.

ஜாடியைக் குலுக்கி என்னிடம் கொடுத்தார். தண்ணீர் கலங்கி, தெளிய ஆரம்பித்தது. மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மெல்லப் பரவிக் கண்ணாடியில் ஒட்டியது. கல்லின் அடியில் தார் போலப் பழுப்பு. மூடியைத் திறந்தேன். பெட்ரோல் பங்க் வாடை. நேற்றுக் கொட்டியது போலப் புதுசாக இருந்தது. என் மனசு அப்படியே எர்ணாவூருக்குப் போய்விட்டது. வாளியோடு நின்ற அந்தப் பையன்களின் காலுக்கடியில் மணலில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

2001இல் அரசு ஆய்வாளர்கள் 91 கரைகளில் சுமார் 9,000 குழிகள் தோண்டினார்கள். பாதிக்கு மேற்பட்ட கரைகளில் எண்ணெய் இருந்தது. கல்லுக்கடியில் காற்றுப் படாமல் மாட்டிக்கொண்டது. எடுப்பதென்றால் கரையையே பெயர்க்க வேண்டும். 1989இல் வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவிய இடங்களில் எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகளும் பாசிகளும் வெந்து போனதை இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகுதான், காயத்தை நோண்டுவதைவிடப் புதுக் காயம் படாமல் காப்பது என்று முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நிலம் வாங்கியது அதற்காக.

தம்பி தன் கேள்வியை மறுபடி கேட்டான், கடல் கெட்டதுக்குக் காடு எதுக்கு என்று. அந்த அம்மாள் சொன்னார்: "மர்லெட் பறவையைப் பார்த்தாயா? படகிலிருந்து பார்த்திருப்பாய், உருண்டையாக, புறாவைவிடக் கொஞ்சம் சின்னதாக. வாழ்க்கை முழுக்கக் கடலில். ஆனால் முட்டையிட மட்டும் காட்டுக்குள் வரும். கூடு கட்டாது. வயசான மரத்தின் தடித்த கிளையில் பாசி மெத்தை மாதிரி வளர்ந்திருக்கும், அதில் ஒரே ஒரு முட்டை. இளமரத்தில் அந்தப் பாசி இருக்காது. எண்ணெயில் செத்தது போக மிச்சம் இருந்ததுக்கு, மரத்தையும் வெட்டிவிட்டால் எங்கே போகும்?"

இந்த ஊரைச் சுற்றியும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஈயாக் என்ற பூர்வகுடி நிறுவனத்தின் சுமார் 75,000 ஏக்கர் 4.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமானது. சில இடங்களை முழுசாக விற்றார்கள், சில இடங்களில் வெட்டும் உரிமையை மட்டும். அந்த அம்மாளின் தோழி ஈயாக் குலத்தவர். பாட்டன் நிலத்தை விற்றோமே என்று ஒரு பக்கம் அழுகை, மரம் நிற்கிறதே என்று இன்னொரு பக்கம் நிம்மதி, இரண்டும் இன்றுவரை அவரிடம் இருக்கிறது என்றார். அதையும் எழுதவேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கணக்கில் அதற்கு ஒரு வரி கிடையாது.

வரும் வழியில் சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் வாடை போகவில்லை. இரவு தயிர் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய் – ஈயாக் ஏரி

மழை விட்டு விட்டுப் பெய்தது. ஏரியை ஒட்டிப் பவர் க்ரீக் ஓடை வரை ஒரு மண் சாலை. நடந்தோம். ஸ்ப்ரூஸ், ஹெம்லாக். ஒவ்வொரு மரமும் ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கிளையெல்லாம் பாசி, சணல் கோணி மாதிரித் தொங்குகிறது. கையை வைத்தால் மணிக்கட்டு வரை அமுங்குகிறது. இந்தக் காடு எந்தப் பணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு இல்லை, யார் பெயரும் இல்லை. மழைத் தண்ணீர் பாசியில் இறங்கி, ஓடையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஓடையில் விரல் நீளக் குஞ்சுகள்.

இன்னொரு விஷயம். 1994இலிருந்து, தவணை வந்த வரை, ஒவ்வொரு வருடமும் 1.2 கோடி டாலரைச் செலவழிக்காமல் தனி வைப்பாக எடுத்து வைத்திருக்கிறார்கள், தவணை நின்ற பிறகும் வேலை நிற்கக்கூடாது என்று. பறவை எண்ணுபவரும் ஹெர்ரிங் எண்ணுபவரும் இன்றும் படகில் போவது அந்த முன்யோசனையால்தான். கையில் பணம் வந்துகொண்டிருந்தபோதே முப்பது வருடம் கழித்து வரும் கடலை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் இந்தப் பயணத்தில் மதித்தவற்றில் இதுதான் முதல்.

சாயங்காலம் கிழவரே நாங்கள் தங்கிய இடத்துக்கு வந்து, ஒரு முழு சால்மனைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். இன்றைய ஓப்பனரில் கிடைத்ததாம். காசு தருகிறேன் என்றதற்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பி மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு வறுத்தான். பாதியை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினோம். கிளம்பும்போது, விடியலில் மூன்று மணிக்கு ஓடைப் பக்கம் போய்க் காரை நிறுத்திவிட்டுச் சும்மா நில்லுங்கள், கரடி வந்தால் சட்டென்று உள்ளே ஏறிக்கொள்ளக் கார்க் கதவைத் திறந்தே வையுங்கள், பேசாதீர்கள் என்றார்.

ஜூன் 19, புதன் – விடியல்

மூன்று மணிக்குப் போனோம். சாம்பல் வெளிச்சம், பொடித் தூறல். எஞ்சினை அணைத்ததும் ஓடைச் சத்தம் மட்டும். கை விறைத்தது. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. தம்பி போகலாமா என்று சாடை காட்டினான்.

அப்போது தலைக்கு மேலே, மரங்களின் உச்சியை ஒட்டி, "கீர்... கீர்..." என்று ஒரு குரல். கடல் பக்கமிருந்து வந்து எங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போனது. உருவம் தெரியவில்லை, அவ்வளவு வேகம். இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்து. கடலில் மீன் பிடித்து, அலகில் ஒற்றை மீனோடு குஞ்சிருக்கும் கிளையைத் தேடிப் போகிறவை.

தம்பி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்று வரை எண்ணினான். ஒன்பது மணிக்குப் படகு.